வரியும் வாசகனும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, கல்முனைப் பகுதி ஆசிரியர் பலரைப் போலவே யானும் பாடக் குறிப்புகளைக் கைத்தொலைபேசி வழியாக மாணவர்க்கு அனுப்பத் தொடங்கினேன். தமிழ் இலக்கியக் குறிப்பொன்றைக் கணினியிலே அழகாகத் தட்டெழுதி, பத்திரிகைப் பக்கம் போல இரண்டு பத்திகளாகப் பிரித்து, இரு ஓரமும் நேராக நிற்குமாறு ஒழுங்கு செய்து அனுப்பியிருந்தேன். என் கண்ணுக்கு அது மிகவும் நேர்த்தியாகத் தோன்றியது. மறுநாள் மருதமுனையிலிருந்து ஒரு மாணவியின் குரற்செய்தி வந்தது. நெசவாளர் ஒருவரின் மகள். வீட்டிலுள்ள ஒரேயொரு கைத்தொலைபேசி இரவிலேதான் அவள் கைக்கு வரும். "சேர், இந்தப் பக்கம் கீழ வரைக்கும் போய்த்தான் மற்றப் பக்கம் மேல வரணுமா? இழுத்து இழுத்துப் பார்க்கக்குள்ள எங்க நின்டதென்டே மறந்து போகுது" என்றாள்.

அக்கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. குறிப்பின் பொருளை விளக்கக் கூடிய யான், அதன் உருவத்தைப் பற்றி ஒருபோதும் சிந்தித்ததில்லை. பல்கலைக்கழகத்திலே நான்கு ஆண்டுகள் தமிழ் பயின்றும், எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வரி எவ்வளவு நீளம், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே எவ்வளவு வெளி என்பனவெல்லாம் அச்சுக்கூடத்தாரின் வேலை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது யார் வாசிக்கலாம், யார் வாசிக்க முடியாது என்பதன் வரலாறுமாகும்.

பனையேட்டை எடுத்துக்கொள்வோம். ஏட்டின் வடிவத்தை நிருணயித்தது மனிதனன்று, மரம். பனையோலை நீண்டது, ஒடுங்கியது. ஆகவே வரியும் நீண்டது. ஓலை அருமையாகையால் சொற்களுக்கிடையே வெளி விடப்படவில்லை. செய்யுளின் அடிகள்கூடத் தனித்தனியே நிறுத்தப்படாமல் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டன. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பினும், ஏட்டிலே புள்ளி இடுவார் அரிதாயினர். கூரிய எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவிலே வேற்றுமை இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருந்தன. இத்தகைய ஏட்டை யார் வாசித்தல் கூடும்? முன்னரே பாட்டை மனப்பாடம் செய்தவனே வாசித்தல் கூடும். ஏடு அறியாதவனுக்கு அறிவிப்பதற்கன்று, அறிந்தவனுக்கு நினைவூட்டுவதற்கே பயன்பட்டது. கல்வி ஒரு சிறு கூட்டத்தாரின் தனியுடைமையாயிருந்த சமுதாயத்திலே இது எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

இது நமக்கு மட்டுமே உரிய நிலையுமன்று. ஐரோப்பாவிலும் இலத்தீன் மொழி பல நூற்றாண்டுகள் சொல்லிடை வெளியின்றியே எழுதப்பட்டது. போல் சேங்கர் என்னும் அறிஞர் 1997இல் வெளியிட்ட நூலிலே, சொற்களைப் பிரித்தெழுதும் வழக்கத்தை ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகளே என்று காட்டியுள்ளார். அவர்களுக்கு இலத்தீன் தாய்மொழியன்று. சொல் எங்கே முடிகிறது என்று காதால் உணர முடியாதவர்கள் கண்ணால் உணர வழி தேடினர். எளிமை வேண்டியவர் எவரோ அவரே வடிவத்தை மாற்றினர் என்பது இங்கே கவனிக்கற்பாலது.

தமிழிலே மாற்றம் அச்சோடு வந்தது. 1578இல் கொல்லத்திலே அச்சான பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல். ஆயினும் அச்சு வந்த அளவிலே பக்கம் எளிதாகிவிடவில்லை; ஏட்டின் பழக்கம் தாளிலும் நெடுங்காலம் தொடர்ந்தது. தரங்கம்பாடியிலே சீகன்பால்கு முதலியோர் 1714, 1715ஆம் ஆண்டுகளிலே புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் பருமனாயிருந்தமையால் தாள் போதாதாயிற்று. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். வேதத்தின் எழுத்தளவைத் தாளின் விலை தீர்மானித்தது! ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் தந்த வீரமாமுனிவரின் சீர்திருத்தமும் அந்நூற்றாண்டினதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் உரைநடைக்குக் குறியீடுகளை இட்டார். சொற்களைப் பிரித்துப் பதித்தார். அவருடைய சமயக் கொள்கையும் சாதி பற்றிய நோக்கும் நமக்கு உடன்பாடல்ல. ஆனால் பாடசாலைப் பிள்ளை தானே வாசித்து விளங்கத்தக்க பக்கத்தை அமைத்தவர்களுள் அவர் முன்னிற்கிறார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அதே நூற்றாண்டிலே, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார். பின்வந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகள் ஏட்டின் ஓட்டத்தை அடியடியாக நிறுத்தின.

ஆனால் பண்டைய இலக்கியம் பொதுமக்களை நெருங்கியது எப்போது? எனது எண்ணத்தில் அதற்கு உரிய பெருமையிற் கணிசமான பங்கு, 1950களிலே மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளைச் சாரும். சங்க நூல்களையும் காப்பியங்களையும் சந்தி பிரித்து, சொற்கள் தனித்தனியே தெரியுமாறு, ஒரு ரூபாய் விலைக்குத் தந்தார். வையாபுரிப்பிள்ளை போன்ற பேரறிஞரின் துணையும் அதற்கிருந்தது. சந்தி பிரித்தால் யாப்புக் கெடும் என்று வாதிட்ட பண்டிதர்கள் உண்டு. உண்மைதான், யாப்புச் சிறிது கெடும். ஆனால் வாசகன் ஒருவன் பிறப்பான். பண்டிதனின் காதுக்கும் பாமரனின் கண்ணுக்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டுமாயின் யான் கண்ணின் பக்கமே நிற்பேன்.

இது தமிழெழுத்தின் வரலாறு. எங்கள் ஊர்களுக்கோ இன்னுமொரு வரலாறு உண்டு.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய எமதூர்களிலே, சென்ற தலைமுறைகளின் பெண்கள் பலர் தமிழெழுத்து அறியார். ஆனால் தமிழை வாசித்தனர். வலமிருந்து இடமாக வாசித்தனர். அதுவே அறபுத்தமிழ்: தமிழ்மொழி, அறபு எழுத்து. அறபில் இல்லாத ஒலிகளுக்காகச் சில அறபெழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அறபிலே இல்லாத எகர ஒகரங்களுக்கும் குறிகள் வகுத்தனர். கீழக்கரையிலே வாழ்ந்து இலங்கையிலும் பெரும்பணி ஆற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' போன்ற சட்ட நூல்கள் இவ்வெழுத்திலேயே இல்லங்களுக்குள் புகுந்தன. இவை பெரும்பாலும் கல்லச்சிலே வந்தவை. ஈய எழுத்துக் கோத்தல், மேலும் கீழும் குறிகள் நிறைந்த இவ்வெழுத்துக்குப் பெருந்துன்பம். கல்லச்சோ எழுதுவோன் கை எப்படி ஓடியதோ அப்படியே பதித்துக் கொடுத்தது. ஓரங்களிலே சாய்வாக எழுதிய குறிப்புகளும் அப்படியே வந்தன.

என் மூத்தம்மாவிடம் இத்தகைய கிதாபு ஒன்று இருந்தது. பெட்டகத்தின் அடியில் வெள்ளைத் துணியிற் சுற்றி வைத்திருப்பார். மஃரிபுக்குப் பின் அயற்பெண்கள் நால்வர் ஐவர் கூடுவர். அவர் விரலை வரியின் மேல் வைத்து இழுத்து இழுத்து வாசிப்பார். பத்திரிகையைக் கொடுத்தால், "எனக்கு எழுத்துத் தெரியாது மகன்" என்பார். எழுத்தறிவுக் கணக்கெடுப்பிலே அவர் எழுத்தறியாதவர். அவர் வாசித்துச் சொன்ன கதைகளையும் சட்டங்களையும் கேட்டு வளர்ந்த யானோ பட்டதாரி. கணக்கெடுப்புகளைப் பற்றி எனக்குள்ள ஐயம் அந்நாளிலேயே முளைத்ததாகும்.

இங்கே விஞ்ஞானம் நமக்கு வியப்பான செய்தியொன்றைத் தருகிறது. வாசிக்கும் கண் ஆறுபோல ஒழுகுவதில்லை. தவளைபோலத் தாவித் தாவி நிற்கிறது என்பது 1870களின் இறுதியிலே பிரான்சியக் கண்மருத்துவர் எமீல் ஜவாலின் ஆய்வுகூடத்திலிருந்து வெளிப்பட்ட உண்மை. ஒவ்வொரு தரிப்பிலும் கண் நின்ற இடத்தைச் சுற்றியுள்ள சில எழுத்துகளையே மனம் பற்றுகிறது. ஆங்கிலம் வாசிப்போர் இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளையும் வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகளையும் பற்றுகின்றனர். போகும் திசையிலே பார்வை நீள்கிறது. 1981இல் பொலற்செக், ரேனர் முதலியோர் ஹீபுருவும் ஆங்கிலமும் அறிந்தவர்களை ஆராய்ந்தனர். அதே மனிதர், ஹீபுரு வாசிக்கையில் இடப்புறம் நீட்டிப் பார்த்தனர். ஆங்கிலம் வாசிக்கையில் வலப்புறம் நீட்டிப் பார்த்தனர்! ஆகவே பார்வையின் சாய்வு பிறவிக் குணமன்று, பயிற்சியின் பயன். காலையிலே ஓதற்பள்ளியிலும் பின்னர் பாடசாலையிலும் இருக்கும் எம்மூர்ப் பிள்ளை நாளொன்றுக்கு இருமுறை தன் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. அப்பிள்ளைக்கு நாம் ஒருபோதும் பாராட்டுச் சொன்னதில்லை.

குர்ஆனை மனனம் செய்யும் ஹாபிழ்களைக் கேளுங்கள். பதினைந்து வரி கொண்டு, 604 பக்கங்களிலே, ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடியுமாறு அமைந்த பிரதி பலரிடம் உண்டு; பதின்மூன்று வரி, பதினாறு வரிப் பிரதிகளும் உண்டு. எந்தப் பிரதியில் மனனம் தொடங்கினாரோ அதனை அவர் எளிதில் மாற்றமாட்டார். ஏனெனில் அவர் மனத்தில் இருப்பது சொல் மட்டுமன்று. வலப்பக்கத்தின் மேலே மூன்றாம் வரி என்னும் இடமும் இருக்கிறது. பக்கத்தை அப்படியே படமாகக் காட்டும் செயலிகளை அவர்கள் விரும்புவதன் காரணமும் இதுவே. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் உடைந்து உடைந்து ஒழுகும்போது சொல் மாறவில்லை. ஆனால் இடம் தொலைந்துவிடுகிறது.

இனித் திரைக்கு வருவோம்.

திரை வருவதற்கு முன்னரே இவ்வாராய்ச்சி தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலே மைல்ஸ் டிங்கரும் டொனால்ட் பட்டர்சனும் 1920களின் இறுதியிலிருந்து எழுத்தின் அளவு, வரியின் நீளம், வரிகளுக்கிடையே உள்ள வெளி ஆகியன வாசிப்பு வேகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆண்டுக்கணக்காகச் சோதித்தனர். டிங்கரின் தொகுப்பு நூல் 1963இல் வெளிவந்தது. மிக நீண்ட வரியிலே கண் திரும்பி வருகையில் அடுத்த வரியின் தலையைத் தவறவிடுகிறது; மிகக் குறுகிய வரியிலே பார்வையின் ஓரத்தால் முன்னே பார்த்து வைக்க இடமின்றி, அடிக்கடி திரும்பித் திரும்பியே கண் களைக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரியதொரு நலந்தரும் எல்லை உண்டு என்பது அவர்கள் கண்டது.

கணினித் திரை வந்தபோது முதலில் அனைவரும் மெதுவாகவே வாசித்தனர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜோன் கூல்டும் துணைவரும் 1984இல் செய்த சோதனையிலே திரைவாசிப்பு தாள்வாசிப்பைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தாமதமாயிற்று. குற்றம் மனிதனிலா, பொறியிலா என்ற கேள்விக்கு 1987இல் அவர்களே விடை கண்டனர்: எழுத்தின் விளிம்பு தெளிவாகவும் பின்புலம் வெண்மையாகவும் உள்ள நல்ல திரையிலே அந்த வேற்றுமை மறைந்தது. 'புதிய தலைமுறைக்கு வாசிக்கத் தெரியவில்லை' என்று ஆசிரியர் அறையிலே புலம்பும் நண்பர்கள் இதனைச் சற்று நினைவு கொள்வாராக.

வரியின் நீளத்தைப் பொறுத்தவரை, 1983இல் தொரொந்தோவிலே டச்னிக்கியும் கோலர்சும் செய்த சோதனையில், திரையின் மூன்றிலொரு பங்கே அகலமுள்ள வரிகளைவிட முழு அகல வரிகளும் மூன்றிலிரு பங்கு அகல வரிகளும் சராசரியாக 25 சதவீதம் வேகமாக வாசிக்கப்பட்டன. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்து மேரி டைசன் 1998இலும் 2001இலும் வெளியிட்ட ஆய்வுகளோ இன்னும் சுவையானவை. வரிக்கு 25 எழுத்து, 55 எழுத்து, 100 எழுத்து என்று வைத்துப் பார்த்தபோது, 100 எழுத்து வரி 25 எழுத்து வரியைவிட வேகமாக வாசிக்கப்பட்டது. ஆனால் வாசித்தவர்கள் எளிது என்று சொன்னது இடைநடுவான நீளத்தையே. வேகத்தோடு விளக்கத்தையும் சேர்த்து நோக்கியபோது 55 எழுத்து அளவே நன்றாய் அமைந்தது. அமெரிக்காவில் 2005இல் செய்யப்பட்ட மற்றோர் ஆய்விலே 95 எழுத்து வரியே வேகமானதாயிற்று. விருப்பத்தைக் கேட்டபோது ஒரு சாரார் மிகக் குறுகியதை விரும்பினர், மற்றொரு சாரார் மிக நீண்டதை விரும்பினர்.

விரும்புவது வேறு, விரைவது வேறு. இம்முரண்பாட்டிலே பெரிய உண்மை பொதிந்துள்ளது. விருப்பம் பெரிதும் பழக்கத்தின் பிள்ளை. செல்வர் வீட்டுப் பிள்ளை அகன்ற கணினித் திரையிலே பழகுகிறது; நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒடுங்கிய, உடைந்த கண்ணாடியுள்ள கைத்தொலைபேசியிலே பழகுகிறது. 'எது உனக்குப் பிடிக்கும்?' என்று இருவரையும் கேட்டு, பிடித்ததைக் கொடுத்துவிட்டோம் என்று திருப்திப்படுதல் ஒருவகை ஏமாற்றே.

மேலும், இந்த 55உம் 95உம் ஆங்கில எழுத்துக் கணக்கு. தமிழுக்கு இவை அப்படியே பொருந்தா. எமது உயிர்மெய் ஓரெழுத்திலேயே மெய்யையும் உயிரையும் சுமக்கிறது. ஆங்கிலம் இரண்டு எழுத்திலே சொல்வதை நாம் ஒன்றிலே சொல்கிறோம். ஆனால் ஞகரமும் ணகரமும் ஐகார உயிர்மெய்யும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 'கீ' என்பதன் சுழி மேலே எழுகிறது. 'து' என்பதன் கால் கீழே இறங்குகிறது. ஆகவே வரிக்கும் வரிக்கும் இடையே ஆங்கிலத்துக்கு வேண்டியதைவிட அதிக வெளி வேண்டும். ஆங்கிலத்திலே வாக்கியத் தொடக்கத்தைத் தலையெழுத்து நின்று காட்டும். எமக்கு அத்தகைய கைகாட்டி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்ச்சொல் ஒட்டி ஒட்டி நீளும் சொல். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் கைத்தொலைபேசியின் ஒரு வரியே முடிந்துவிடும். அத்திரையிலே மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வரிக்குள் அடங்குவதில்லை. அதனை இரு ஓரமும் நேராக்க முயன்றால் சொற்களுக்கிடையே குளங்கள் போல வெளி தோன்றுகிறது. பழைய பத்திரிகைக்காரர் இதற்கஞ்சியே இணைகோடும் இடாமல் எந்த எழுத்திலும் சொல்லை முறித்து அடுத்த வரிக்குத் தள்ளினர். முறிந்த சொல்லைப் பொருத்தி வாசிப்பது வளர்ந்தவனுக்குப் பழக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கோ அது இன்னொரு பாடம்.

யான் அனுப்பிய குறிப்பின் குற்றம் இப்போது விளங்கியது. ஏ-நான்குத் தாளுக்கென்று அமைத்த பக்கத்தை உள்ளங்கை அகலமுள்ள திரைக்குள் திணித்திருந்தேன். எழுத்துத் தெரியப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்துச் சென்று மீண்டும் இழுத்து வரவேண்டும். பனையோலையின் நீண்ட வரி திரும்பி வந்துவிட்டது. மனப்பாடம் செய்தவனே வாசிக்கக்கூடிய பக்கம் திரும்பி வந்துவிட்டது. அதற்கு முதல் வாரம் வேறொரு குறிப்பை 'பாமினி' எழுத்துருவிலே தட்டெழுதி அப்படியே அனுப்பியிருந்தேன். அது பல வீடுகளிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறந்தது. அதைப்பற்றி எவரும் முறையிடவில்லை. ஏழைப் பிள்ளைகள் தம் பொறியின் குற்றமென்றே எண்ணிப் பேசாதிருந்துவிட்டனர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1945இலே இலவசக் கல்வி வந்தபோது எம்மூர்ப் பெண்களுக்குப் பாடசாலையின் கதவு அகலத் திறந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1885இல், ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலென்று கருதப்படும் 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெப்பை, முஸ்லிம்கள் புதிய கல்வியைப் பெறவேண்டுமென்று போராடியிருந்தார். கல்முனைக்கு அருகே காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், ஈழத்துக் கல்விக்கும் 1936இல் சென்னையிலே நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் ஆற்றிய தொண்டை நாடறியும். இவர்கள் திறந்த கதவை, ஒரு கோப்பின் அமைப்பால் நாமே மீண்டும் பாதி சாத்திவிடுகிறோம். கல்வித் திணைக்களங்களிலும் அலுவலகங்களிலும் இருந்து வரும் தமிழ்ச் சுற்றறிக்கைகளையும் வினாத்தாள்களையும் ஒருமுறை கைத்தொலைபேசியிலே திறந்து பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறேன். எழுத்தைச் சிறிதாக்கி, வரியை நெருக்கி, ஒரு பக்கத்தை மிச்சம் பிடித்திருப்பர். தாளில்லாத திரையிலே மிச்சம் பிடிப்பது எதை?

யான் குறிப்பைத் திருத்தினேன். பத்தி ஒன்றே, இடப்புறம் மட்டும் நேர், வலப்புறம் சொல் முடிந்த இடத்தில் முடியட்டும் என்று விட்டேன். வரியிடை வெளியைக் கூட்டினேன், நீண்ட ஒட்டுச்சொற்களை இலக்கணம் இடந்தரும் இடங்களிலெல்லாம் பிரித்தேன், ஒருங்குறியிலே எழுதினேன். பத்தி சிறுத்தது, பக்கம் நீண்டது. சக ஆசிரியர் ஒருவர், "இது ஒழுங்கில்லாமல் கிடக்கிறதே" என்றார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்; எனக்கும் முதல் நாள் அப்படியே தெரிந்தது.

பாடசாலைகள் மீளத் திறந்தபின் ஒருநாள் மூத்தம்மாவின் கிதாபை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எம் வீட்டையும் பெட்டகத்தையும் கொண்டுபோனபோது, இரவல் போய்ச் சம்மாந்துறையிலே உறவினர் வீட்டில் இருந்தமையால் எஞ்சிய நூல் அது. வகுப்பிலே கையிலிருந்து கைக்குப் போயிற்று. அறபென்று எண்ணிப் பலரும் மூடிவிட்டனர். மருதமுனை மாணவி மட்டும் விரலை வலப்புற ஓரத்தில் வைத்து, குறிகளைக் கூட்டி மெல்ல ஓதினாள். இரண்டு சொல் போனதும் நிமிர்ந்து, "சேர், இது தமிழ்!" என்றாள். மறுபடி குனிந்தாள். கூட்டெழுத்து ஒன்று வந்தது. ஓதற்பள்ளியிலே அவள் காணாத புள்ளிகளோடு நின்ற எழுத்து. அங்கே விரல் நின்றுவிட்டது. ழகரமா, ளகரமா என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை; கேட்டறிய மூத்தம்மாவும் இல்லை. முன்னும் பின்னும் உள்ள சொற்களைச் சேர்த்து ஓதிப்பார் என்றேன்.